மலைச் சைக்கிளுக்குக் கைப்பிடி தேர்தல்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையைத் தெரிவிப்பன என்பது கற்றோர் அறிந்ததே. தகுதியில்லாதாரை முன்னர் விலக்கி, எஞ்சினோர் பெயர்களையே அவ்வூர்ச் சபையார் குடத்தில் இட்டனர். பொருள்களைத் தேர்தற்கும் இவ்வொழுங்கு ஏற்றதே. இக்காலத்து இளைஞர் பெரிதும் விரும்பும் மவுண்டன் பைக் என்னும் மலைச் சைக்கிளுக்குக் கைப்பிடி தேரும் வகையை இம்முறையால் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பெற்ற டி. ஐ. சைக்கிள்ஸாரின் ஹெர்குலிஸ் போன்ற பழைய வண்டிகளில், ஹாண்டில்பார் ஓட்டுவோனை நோக்கிப் பின்வளைந்திருக்கும். அவன் நிமிர்ந்து அமர்வான்; மணிக்கட்டும் நேராக நிற்கும். மலைச் சைக்கிளிலோ ஹாண்டில்பார் ஏறக்குறைய நேரானது. உடல் முன்சாய்தலின், அதன் பாரத்தில் ஒரு பகுதி உள்ளங்கைமேல் விழுகின்றது.

அதனால் விளைவது யாது? மணிக்கட்டில், சுண்டுவிரற் பக்கமாக, குறுகியதொரு வழியுண்டு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கீயோன் 1861இல் அதனை விளக்கினமையின், அஃது அவர் பெயரால் வழங்குகின்றது. அவ்வழியே அல்நார் என்னும் நரம்பு செல்கின்றது. நெடுநேரம் அஃது அழுந்தின், சுண்டுவிரலும் மோதிரவிரலின் ஒரு பாதியும் மரத்துப்போம். பன்னாள் பொருட்படுத்தாதிருப்பின், விரல்களை விரித்தற்குரிய தசைகளும் வலிவிழத்தல் கூடும். பட்டிழையைத் தேர்ந்து பிடிக்கும் காஞ்சி நெசவாளர் கைக்கும், எழுதுகோல் பற்றும் மாணாக்கர் கைக்கும் இஃது எளிய கேடன்று.

இனி, விலக்கத்தக்கவை இரண்டு. கடையில் அழுத்திப் பார்க்குங்கால் மெத்தென்றிருக்கும் தடித்த நுரைப்பிடி ஒன்று. நுரை நாளடைவில் அமுங்கிப்போம்; தடிப்பு மிகின் விரல்கள் வருந்திப் பற்ற, முன்கை சோரும். ஹாண்டில்பாரின்மேல் இறுகப் பொருந்தாது சுழலும் பிடி மற்றொன்று. அது வண்டியையே கவிழ்க்க வல்லது.

கொள்ளத்தக்கது, வெளிப்புறம் சிறகுபோல் அகன்று, பாரத்தை உள்ளங்கை முழுதும் பரப்பும் பிடியாகும். ஹாண்டில்பாரில் பிடி ஏறுமிடத்தின் விட்டம் பெரும்பாலும் 22.2 மில்லிமீட்டர், பிடியின் புறவிட்டம் பொதுவாக 30 முதல் 34 வரை. சிறிய கையினர் மெல்லியதைக் கொள்க. வளையமும் திருகும் உடையதாயின் சுழலாது. வழக்கம்போல் அமர்ந்து, மணிக்கட்டு மேலும் கீழும் மடங்காதவாறு சிறகின் சாய்வை அமைத்து, ஆலன் கீயால் இறுக்குதல் வேண்டும்.

ஹாண்டில்பாரின் இருமுனைகளிலும் பொருத்தும் குறுங்கொம்புகளைப் பார் எண்ட் என்பர். அவற்றைப் பற்றுங்கால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்க, அழுத்தம் இடம் மாறுகின்றது. வண்டி நடமாட்டம் குறைந்த நெடுஞ்சாலையிலும், எழுந்து நின்று மிதிக்கும் ஏற்றத்திலும் அவை பெரிதும் உதவும். ஆயினும் அங்கிருந்து பிரேக் எட்டாது. ஆதலின் கடைத்தெருவிலும் இறக்கத்திலும் அவற்றைப் பற்றலாகாது. ஏரிக்கரைப் புதர்வழியே செல்வோர்க்குக் கிளை சிக்கும் இடருமுண்டு. அன்னார் அவற்றை விடுதல் நன்று. கொம்பு உளதாயினும் இலதாயினும், குழாயின் முனையை மூடியால் அடைத்தல் இன்றியமையாதது. திறந்த குழாய், விழுந்தார் வயிற்றில் ஊன்றிப் பெருங்காயம் விளைக்கும்.

இவற்றிற்கெல்லாம் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குப் பொருட்செலவும் இல்லை. சீட்டின் மூக்கு கீழ்நோக்கியிருப்பின் உடல் முன்வழுகும். அந்நிலையில் எவ்வகைப் பிடியாலும் பயனில்லை. அதனைச் சமன் செய்த பின்னரே கடைக்குச் செல்க. இத்தனையும் செய்தும் விரல் மரத்தல் நீங்காதாயின், மருத்துவரை நாடுதலே அறிவுடைமை. பிடியை மாற்றுதல் எளிது. கையை மாற்றுதல் எவர்க்கும் இயலாது.