இரவல் பெயரில் இணையக் கடையா?

கம்மாபுரம் கடைத்தெருவிலே ஓர் இளைஞர் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உழைப்பாளி, ஊருக்கு நல்லவர். "இன்ன கம்பெனியின் கைப்பேசிகள் இங்கே பழுதுபார்த்துத் தரப்படும்" என்று வாயிலிலே பலகை மாட்டுகிறார். அந்தக் கம்பெனியின் சின்னத்தையும் எழுத்தழகையும் திருடிக்கொள்ளாத வரையில், 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு அவர் பக்கம் நிற்கும்.

அடுத்து, இணையதளம் ஒன்று திறக்கிறார். அதன் முகவரிக்கு அந்தக் கம்பெனியின் பெயரையே வைத்து, வால்போல 'சர்வீஸ்' என்று ஒரு சொல்லை ஒட்டிவிடுகிறார். செலவு சில நூறு ரூபாய். சில திங்களில் வந்து நிற்கிறது வக்கீல் நோட்டீசு!

"பலகையில் எழுதினேன், பேசாதிருந்தார்கள். முகவரியில் எழுதினேன், பாய்கிறார்களே! இரண்டிலும் இருப்பது ஒரே பெயர்தானே?" என்று அவர் கேட்கக்கூடும்.

பெயர் ஒன்றுதான், பேசுகிற பேச்சு வேறு! பலகை, "இதைப் பழுதுபார்ப்பவன் நான்" என்கிறது. முகவரியோ, "அதுவே நான்" என்கிறது. முன்னது செய்தி, பின்னது வேடம். செய்தி சொல்லச் சட்டம் இடந்தருகிறது. வேடம் போடத் தருவதில்லை. எங்கோ விளைந்த பலாவைப் பண்ருட்டிப் பலா என்று கூவி விற்றால், பண்ருட்டிக்காரன் பார்த்துக்கொண்டிருப்பானா?

இணைய முகவரிக்கென்று தனிச் சட்டம் இந்த நாட்டிலே இயற்றப்படவில்லை. அதனால் கேட்பாரில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையில் தலைமையகம் கொண்ட சத்யம் இன்ஃபோவே, தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து 'சிஃபி' என்ற புதுச்சொல்லைப் படைத்து, 1999இல் இணைய முகவரிகளாகப் பதிந்துகொண்டது. ஈராண்டு கழித்து வேறொரு நிறுவனம் 'எஃப்' என்ற எழுத்தை இரட்டித்து, 'சிஃப்பிநெட்' என்று கடை விரித்தது. "எங்கள் பங்காளிகள் ஐவரின் முதலெழுத்துகள் அவை" என்று காரணமும் சொன்னது. பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கருநாடக உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் தடையை நிலைநாட்டியது. ஐவரின் முதலெழுத்துக் கதையை நீதிபதிகள் நம்பவில்லை. முகவரி என்பது வெறும் வழிகாட்டிப் பலகையன்று, அதுவும் வணிகக் குறியே. பிறர் பெயரைக் காட்டித் தன் சரக்கை விற்பதைத் தடுக்கும் பழைய சட்டநெறி இணையத்துக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தனர்.

"கம்பெனிக்குக் கம்பெனி சண்டை, நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? அடிபடுவது நாம்தான் தோழர்களே! 'அமுல்' என்பது குசராத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு வளர்த்த பெயர். அந்தப் பெயரைச் சுமந்த போலித் தளங்களைத் திறந்து, "விற்பனை உரிமை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று ஆசை காட்டினார்கள். வழக்கு 2020இல் தில்லி உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தத் தளங்களை முடக்க ஆணை பிறந்தது. இத்தகைய வலையில் விழுபவன் யார்? கோடீசுவரனா? வேலை கிடைக்காமல், சிறு கடையாவது வைப்போம் என்று நகையை அடகு வைத்த நம் வீட்டுப் பிள்ளையல்லவா! இரவல் பெயர் ஏமாற்றுக்காரனின் முதல் ஆயுதம். அதனால்தான் சட்டம் அதன்மேல் கண் வைக்கிறது.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பதிவுபெற்ற குறியின் உரிமையாளர், தாம் தொழில் நடத்தும் ஊரின் நீதிமன்றத்திலேயே வழக்கிட 134ஆம் பிரிவு வழி திறக்கிறது. கம்மாபுரத்துக் கடைக்காரர் தில்லிக்கு அலைய நேரிடலாம்! தடை வரும், இழப்பீடோ, ஈட்டிய இலாபமோ கட்ட வேண்டிவரும். வேண்டுமென்றே பொய்க்குறி இட்டால் 103ஆம் பிரிவின்படி ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. 'டாட் இன்' முகவரிகளின் தகராறைத் தீர்க்க 2005 முதல் தனி நடுவர் முறையும் இருக்கிறது. பெயரைப் பறித்து உரியவரிடம் ஒப்படைக்க அதற்கு அதிகாரம் உண்டு.

அப்படியானால், பெரிய முதலாளி விரலை நீட்டினால் சிறியவன் கடையை மூடிவிட வேண்டுமா? கூடாது! தன் சொந்தப் பெயரிலே நேர்மையாகத் தொழில் நடத்துபவரைக் குறியின் உரிமையாளர் தடுக்க முடியாது என்கிறது 35ஆம் பிரிவு. ஆதாரமின்றி வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டியவர் மீதே வழக்கிடலாம் என்கிறது 142ஆம் பிரிவு. டாட்டா பெயரை வைத்துக் கிண்டலாக ஒரு கணினி விளையாட்டைக் கிரீன்பீசு இயக்கம் வெளியிட்டபோது, அதைத் தடுக்க 2011இல் தில்லி உயர்நீதிமன்றம் மறுத்தது. கண்டனம் வேறு, களவு வேறு! பெயரைச் சொல்லிக் குறை கூறும் உரிமை குடிமகனுடையது.

ஆனால் நோட்டீசு வந்ததும் பேரம் பேசாதீர்கள்! கனடா நாட்டு மாணவர் மைக் ரோ, தம் பெயரோடு 'சாஃப்ட்' சேர்த்து 2003இல் தளம் திறந்தார். மைக்ரோசாஃப்ட் என்றே காதில் ஒலித்தது! கம்பெனி பத்து டாலர் தர முன்வந்தது. அவர் பத்தாயிரம் கேட்டார். அந்த ஒரு கடிதத்தைக் காட்டியே, விற்றுக் காசாக்கத்தான் பதிந்தார் என்று கம்பெனி குற்றஞ்சாட்டியது. ஊர் உலகம் மாணவர் பக்கம் திரண்டதால் 2004இல் சமாதானம் ஆயிற்று. பெயரோ கம்பெனிக்கே போயிற்று. வழக்கறிஞரைப் பாருங்கள், குறித்த நாளுக்குள் மறுமொழி கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான வழி ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப்பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் இருக்கிறது, அள்ள அள்ளக் குறையாத தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன! '.இந்தியா' என்று தமிழெழுத்திலேயே முடியும் முகவரியும் இன்று கிடைக்கிறது. சொந்தப் பெயர் ஒன்றைச் சூட்டுங்கள். அதே பெயர் வேறெவருக்கும் பதிவாகியிருக்கிறதா என்று வணிகக் குறிப் பதிவகத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பிறகு பதிவுக்கு விண்ணப்பியுங்கள். தனியாளும் சிறுதொழிலாளியும் இணையவழி விண்ணப்பித்தால், ஒரு வகைக்குக் கட்டணம் ரூ.4,500. பதிவு பத்தாண்டு செல்லும், பின்பு புதுப்பித்துக்கொள்ளலாம். தமிழகத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியிலே இருக்கிறது.

இரவல் பெயரில் சேர்க்கிற புகழ் அத்தனையும் உடையவன் கேட்கிற நாளில் அவனிடம் போய்ச் சேரும். நம் பெயரில் சேர்க்கும் புகழோ நம் பிள்ளைகளுக்குச் சேரும். கம்மாபுரத்து இளைஞர்காள், எந்தப் பெயரை எழுதப் போகிறீர்கள்?