நோவின் அளவுகோல்

"சுகந்தானோ?" என்று வினவினால், "பரவாயில்லை" என்பதே நம்மவர் விடை. அந்த ஒரு சொல்லின் பின்னால் எத்தனை செயல்கள் கைவிடப்பட்டுள்ளன என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முழங்கால் நோவினையே எடுத்துக்கொள்வோம். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் கசியிழையம் தேயத்தேய, நடத்தலும் இருத்தலும் எழுதலும் ஒவ்வொன்றாகத் துன்பமாகின்றன. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 52 கோடியே 80 இலட்சம் மக்கள் மூட்டுத்தேய்வு நோயுடன் வாழ்ந்தனரென உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. அவர்களுள் நூற்றுக்கு 60 பேர் பெண்கள். இந்நோய் மிகுதியாகப் பற்றுவது முழங்காலையே.

நோயாளரை எண்ணிவிடலாம், நோ பறித்துக்கொண்ட செயல்களை அளப்பது எங்ஙனம்? 1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடன் உழைத்தோரும் ஆறு செயல்களைக் கொண்டு ஓர் அளவுகோல் வகுத்தனர். குளித்தல், உடுத்தல், உண்ணல், மலசலகூடம் செல்லல், மலசலத்தை அடக்கியாளல், படுக்கைவிட்டு எழுந்து இடம்பெயர்தல் என்பன அவை. 1969இல் லோட்டன், பிரோடி என்னும் இருவர் வேறோர் அளவுகோலை அமைத்தனர். சமையல், சலவை, வீட்டுப்பணி, கடைக்குச் செல்லல், பயணம், தொலைபேசி, மருந்து, பணம் என எட்டு விடயங்கள் அதில் அடங்கின.

இவ்வளவுகோலிலே ஒரு விந்தையுண்டு. பெண்ணுக்கு எட்டு, ஆணுக்கோ ஐந்தே! சமையலும் சலவையும் வீட்டுப்பணியும் ஆண்மகனின் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. அவன் என்றுமே செய்யாத வேலையை நோ எவ்வாறு தடுக்கும் என்று எண்ணினர் போலும். எட்டையும் இருபாலாரிடமும் கேட்கும் வழக்கம் பின்னரே வந்தது.

ஆயினும் "செய்ய இயலுமா?" என்னும் வினா, "எவ்வளவு நோவுடன் செய்கிறீர்?" என்பதைக் கேட்பதில்லை. அடுப்படியிற் குந்தினால் எழமுடியாத தாய், சுவரைப் பிடித்தெழுந்து சோறாக்கிவிடுகிறாள். ஏட்டிலே அவள் "இயலும்" என்ற வரிசையில் நிற்பாள். அவள் விட்டுவிட்டது அடுப்படியையன்று. மாலையிற் கோயிலுக்குப் போவதையும் அயல்வீட்டிற் சற்றுநேரம் உரையாடுவதையுமே. தந்தையோ சைக்கிளை மூலையிற் சாத்திவிட்டார். வாசிகசாலைக்கு ஏன் போவதில்லையென்று கேட்டால், "பத்திரிகை வீட்டுக்கே வருகிறதே" என்பார். அவள் கடமைக்காக நோவை மறைக்கிறாள். அவர் மானத்துக்காக மறைக்கிறார். இருவருடைய உலகமும் நாளுக்குநாள் சுருங்குகின்றது.

முடங்கியிருப்பதே மருந்தென்று எண்ணுவதும் பிழை. தொடைத்தசைகளை உரமாக்கும் பயிற்சியும், உடற்பருமன் மிக்கோர் அதனைக் குறைத்தலும் முழங்கால் நோவைத் தணிக்க வல்லன. ஆனால், சொல்லப்படாத நோவுக்கு மருந்து கூறுவார் யார்?

ஆதலின், நமது வினாவை மாற்றுவோம். வீட்டிலுள்ள முதியோரிடம் "சுகந்தானோ?" என்று கேட்டதோடு அமையாது, "முன்பு செய்த எதனை இப்போது விட்டுவிட்டீர்கள்?" என்றும் கேட்போம். அவ்வினாவுக்குப் "பரவாயில்லை" என்பது விடையாகாது.