பால் இல்ல, முட்டை இல்ல, ஆனா மெத்துன்னு இருக்கணும்: ஒரு கிறிஸ்துமஸ் சுக்குக் குக்கி

(எபிசோடின் ஒலிவடிவத்திலிருந்து சுருக்கி, திருத்தி எழுதப்பட்டது)

பின்னாடி கடகடன்னு ஒரு சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. ஓ.எம்.ஆர்.ல மெட்ரோ வேலை போயிட்டிருக்கு. நாவலூர்ல ஜன்னலைச் சாத்தினாலும் அந்தச் சத்தம் வீட்டுக்குள்ள வந்துடும்.

வழக்கமா இங்க கோட், கேட்ஜெட், வேலைன்னு பேசுவோம். இன்னைக்கு ஓவன் பத்திப் பேசப் போறோம். கிறிஸ்துமஸுக்கு மசாலா வாசனையோட, மெத்துன்னு இருக்கிற ஒரு வீகன் குக்கி. பாலும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது, முட்டையும் கிடையாது. ரெசிபி கடைசியில சொல்றேன். ஆனா ஏன் அப்படி வருதுங்கிறதுதான் இந்த எபிசோட். காரணம் தெரிஞ்சா ரெசிபி இல்லாமலே நீங்க சமாளிச்சுக்கலாம்.

எதுக்கு இந்த வேலை?

எங்க அப்பார்ட்மென்ட்ல மேல் மாடியில ஒரு அக்கா இருக்காங்க. அவங்க பையனுக்கு ஆறு வயசு. பால், முட்டை ரெண்டுக்கும் அலர்ஜி. தீபாவளிக்கு எல்லா வீட்டுல இருந்தும் பலகாரத் தட்டு போகும்போது, அவன் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பான். யாரும் சொல்லணும்னு இல்ல, அவனுக்கே பழகிடுச்சு.

இங்க ஒண்ணு தெளிவாகணும். 'பால் ஒத்துக்காது'ன்னு நாம சொல்றது ரெண்டு வேற விஷயம். ஒண்ணு, பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரை ஜீரணமாகாதது. வயிறு உப்பும், கலக்கும், அதோட போயிடும். இன்னொண்ணு அலர்ஜி. பால்ல இருக்கிற கேசீன், வே மாதிரி புரதங்களை உடம்போட எதிர்ப்புச் சக்தி எதிரின்னு நினைச்சுக்கும். அதுல கொஞ்சூண்டு பட்டாலே தடிப்பு, வாந்தி, சில பேருக்கு மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். அந்தப் பையனுக்கு இருக்கிறது ரெண்டாவது ரகம்.

போன கிறிஸ்துமஸுக்கு, இவனும் சாப்பிடுற மாதிரி ஒண்ணு பண்ணிடுவோம்னு இறங்கினேன். வெண்ணெய் வேண்டாம், மார்ஜரின் போடுவோம்னு வாங்கினேன். தாவர எண்ணெயில பண்ணது, பாக்கெட்ல பச்சைப் புள்ளியும் இருக்கு, அப்புறம் என்ன? நல்லாவே வந்துச்சு. பெருமையா தட்டுல வச்சு எடுத்துட்டுப் போனேன். பையன் ஒண்ணை எடுத்துட்டான். வாய்க்குப் போகிறதுக்கு முன்னாடி அக்கா கேட்டாங்க: "தம்பி, இதுல என்னென்ன போட்டீங்க? பாக்கெட் இருக்கா?"

கீழ வந்து குப்பைத் தொட்டியில இருந்து அந்த மார்ஜரின் கவரை எடுத்துட்டு ஓடினேன். பொருட்கள் பட்டியலோட கடைசியில, பொடி எழுத்துல, 'பால் திடப்பொருள்'னு இருந்துச்சு.

அக்கா ஒண்ணும் திட்டல. பையன் கையில இருந்ததை வாங்கி தட்டுல வச்சாங்க. அவன் அழக்கூட இல்ல. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

பச்சைப் புள்ளி என்ன சொல்லுது?

நம்ம ஊர்ல பச்சைப் புள்ளின்னா சைவம், அவ்வளவுதான். பால், வெண்ணெய், நெய், தேன் எல்லாம் அந்தக் கணக்குல சைவம்தான். வீகனுக்குத் தனி விதிமுறை வந்தது 2022-ல. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டு வந்தது. பச்சை நிறத்துல 'வி' எழுத்தும் அதுல ஒரு சின்ன இலையும் இருந்தா, அதுதான் வீகன் முத்திரை.

ஆனா அலர்ஜி இருக்கிறவங்களுக்கு அந்த முத்திரையும் போதாது. கூடவே அலர்ஜி அறிவிப்பைப் படிக்கணும். 'பால் அடங்கியது', 'பால் இருக்கக்கூடும்'னு தனியா ஒரு வரி போட்டிருப்பாங்க. பொருட்கள் பட்டியல்ல வே, கேசீன், பால் திடப்பொருள்னு எந்தப் பேர்ல இருந்தாலும் அது பால்தான். சாக்லேட் சிப்ஸ்ல, பிஸ்கட்ல, ஏன், சில மசாலா சிப்ஸ்லகூட இருக்கும்.

நீங்க வீகனா இருக்கிறது உங்க விருப்பமா இருக்கலாம். இன்னொருத்தருக்கு அது விருப்பம் இல்ல. யாருக்குக் கொடுக்கப் போறீங்களோ அவங்ககிட்ட பட்டியலைக் காட்டிட்டு, அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க.

ஆச்சியோட கேள்வி

மறுநாள் நாகர்கோவிலுக்கு, எங்க ஆச்சிக்கு போன் பண்ணிப் புலம்பினேன். "வெண்ணெய் இல்லாம, முட்டை இல்லாம எப்படி ஆச்சி மெதுவா வரும்?" அவங்க சிரிச்சாங்க. "ஏலே மக்கா, முந்திரிக்கொத்துல எங்கல பாலும் முட்டையும் போடுதோம்?"

முந்திரிக்கொத்து தெரியாதவங்களுக்கு: கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்துமஸ்னா இது இல்லாம இருக்காது. பேருலதான் முந்திரி. பாசிப்பயறை வறுத்துத் திரிச்சு, தேங்காய், எள், ஏலக்காய், சுக்கு சேர்த்து, கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி உருண்டை பிடிப்பாங்க. மஞ்சள் கலந்த அரிசி மாவுல முக்கி எண்ணெயில பொரிச்சா மூணு நாலு உருண்டை கொத்தா ஒட்டிக்கிட்டு வரும். எங்க ஆச்சி பண்ற மாதிரி பண்ணா அதுல பாலும் இல்ல, நெய்யும் இல்ல, முட்டையும் இல்ல. வீகன்ங்கிற வார்த்தையே தெரியாத வீட்டுல, தலைமுறை தலைமுறையா கிறிஸ்துமஸுக்கு வீகன் பலகாரம் பண்ணிட்டிருந்திருக்காங்க.

அதோட, பல நாள் ஆனாலும் உள்ள இருக்கிற பூரணம் மெதுவாத்தான் இருக்கும். ஏன்? அங்கதான் விஷயமே இருக்கு.

மெத்துன்னு இருக்கிறது எதனால?

வெண்ணெயும் முட்டையும் போட்டாத்தான் குக்கி மெதுவா வரும்னு நாம நினைக்கிறோம். உண்மையில குக்கிக்குள்ள தண்ணி தங்கினா மெது, வெளியே போயிட்டா மொறுமொறு. அந்தத் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற பெரிய வேலையைச் செய்றது சர்க்கரை.

வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ். குக்கி ஆறும்போது அது திரும்பப் படிகமாகும், அதான் படக்குனு உடையுது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி இதுலயும் சுக்ரோஸ்தான் அதிகம். ஆனா கூடவே கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கு. அந்த ரெண்டும் படிகமாகிறதைத் தடுக்கும், காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி மழையில உங்க வீட்டு நாட்டுச் சர்க்கரை டப்பா கட்டி தட்டிப் போகுமே, கருப்பட்டி பிசுபிசுன்னு வேர்க்குமே, அதே குணம்தான். டப்பாவுல தொல்லை, குக்கியில வரம்.

அடுத்தது மாவு. மைதாவுல தண்ணி பட்டுப் பிசைஞ்சா குளூட்டன் வலை மாதிரி பின்னிக்கும். பரோட்டா மாஸ்டர் மாவை அடிச்சு இழுக்கிறது அந்த வலைக்காகத்தான். நமக்கு அது நேர் எதிரி. முதல்ல எண்ணெயையும் பாகையும் கலந்துட்டு, மாவைக் கடைசியில போட்டு, வெள்ளை மறைஞ்சதும் கையை எடுத்துடணும்.

முட்டைக்குப் பதிலா ஆளிவிதை. பொடி பண்ணித் தண்ணியில ஊற வச்சா பத்து நிமிஷத்துல வெண்டைக்காய் மாதிரி கொழகொழன்னு ஆகும். அந்தக் கொழகொழப்பு மாவைச் சேர்த்துப் பிடிக்கும், ஈரத்தையும் விடாது.

கடைசியா கொழுப்பு. வெண்ணெய்ல எண்பது சதவீதம்தான் கொழுப்பு, பதினாறு சதவீதம் வரைக்கும் தண்ணி இருக்கும். தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. அதனால அதே அளவுக்கு மாத்திப் போட்டா எண்ணெய் வடியும். கொஞ்சம் குறைச்சுப் போட்டு, தண்ணியைத் தனியா சேர்க்கணும். இன்னொரு சிக்கல், தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலயே உருகிடும். டிசம்பர்லகூட சென்னையில பகல்ல 28, 29 டிகிரி இருக்கும். உருட்டி அப்படியே ஓவன்ல வச்சா மாவு தோசை மாதிரி பரவிடும். அதனால ஃபிரிட்ஜ் கட்டாயம்.

இதெல்லாம் ஒரே நாள்ல புரியல. மார்ஜரின் கூத்துக்கு அப்புறம் மூணு தடவை பண்ணேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ணை மட்டும்தான் மாத்தினேன். தேங்காய் எண்ணெயும் வெள்ளைச் சர்க்கரையும் போட்டது ஓடு மாதிரி உடைஞ்சது. சர்க்கரையை மட்டும் மாத்தி நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் போட்டேன், மெதுவா வந்துச்சு, ஆனா பரவிடுச்சு. அதையே ஃபிரிட்ஜ்ல வச்சு எடுத்தப்போ சரியா வந்துச்சு. ரெண்டை ஒரே நேரத்துல மாத்தியிருந்தா எது வேலை செஞ்சதுன்னே தெரிஞ்சிருக்காது. இது நம்ம எல்லாருக்கும் ஆபீஸ்ல பழக்கமான வேதனைதானே.

இப்ப அளவு (16 குக்கிக்கு)

- மைதா 200 கிராம்
- நாட்டுச் சர்க்கரை 100 கிராம்
- கருப்பட்டி 60 கிராம், 2 டேபிள்ஸ்பூன் தண்ணி
- தேங்காய் எண்ணெய் 85 கிராம்
- ஆளிவிதைப் பொடி 1 டேபிள்ஸ்பூன், 2 டேபிள்ஸ்பூன் தண்ணி
- சுக்குப் பொடி 2 டீஸ்பூன், பட்டைப் பொடி 1 டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், கிராம்புப் பொடி கால் டீஸ்பூன், மிளகுத்தூள் ரெண்டு சிட்டிகை
- சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன்

கருப்பட்டியைத் தட்டி, தண்ணியோட கரையிற வரைக்கும் மட்டும் சூடு பண்ணுங்க. கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். மண், தூசி இருக்கும், கட்டாயம் வடிகட்டுங்க. வெதுவெதுன்னு ஆறினதும் எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, ஊறின ஆளிவிதை, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலக்குங்க. சோடா வேலை செய்யப் புளிப்பு வேணும். பதநீர் இறக்கும்போது கலயத்துல சுண்ணாம்பு தடவுவாங்க, அதனால கருப்பட்டியோட புளிப்பை நம்பி இறங்க முடியாது. அதுக்குத்தான் எலுமிச்சை.

மைதா, மசாலா, சோடா, உப்பைச் சலிச்சு இதுல சேருங்க. சின்ன எலுமிச்சை அளவு உருண்டை பிடிங்க. உருட்டினதுக்கு அப்புறம் ஃபிரிட்ஜ்ல வைங்க, 45 நிமிஷம். முதல்லயே மாவா வச்சா கல்லு மாதிரி இறுகி, உருட்ட வராது.

ஓ.டி.ஜி.யை 170 டிகிரிக்குச் சூடு பண்ணி, உருண்டையை லேசா அமுக்கி, இடைவெளி விட்டு வச்சு, 10 இல்ல 11 நிமிஷம். ஓரம் இறுகியிருக்கும், நடுவுல வேகாத மாதிரி தெரியும். பயப்படாதீங்க, அப்பவே வெளியே எடுங்க. தட்டோட சூட்டுல இன்னும் பத்து நிமிஷம் அது வெந்துக்கிட்டுத்தான் இருக்கும். 'இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டுமே'ன்னு விட்டாத்தான் முறுகிப் போகுது. ஆறினதும் காத்துப் புகாத டப்பாவுல வைங்க. மறுநாள் இன்னும் நல்லா இருக்கும், மசாலாவும் இறங்கியிருக்கும்.

மசாலாவைக் குறைக்காதீங்க. ஜெர்மனியில கிறிஸ்துமஸுக்குப் பண்ற ஒரு குக்கிக்கு 'மிளகுக் கொட்டை'ன்னு அர்த்தம் வர்ற பேரே இருக்கு. அந்த மிளகு ஒரு காலத்துல நம்ம பக்கத்துல இருந்து கப்பல் ஏறிப் போனதுதான். சுக்கும் ஏலக்காயும் நம்ம அஞ்சறைப் பெட்டியில எப்பவும் இருக்கு.

அப்புறம் என்ன ஆச்சு?

இந்தத் தடவை பண்றதுக்கு முன்னாடியே அக்காவுக்கு ஒவ்வொரு பாக்கெட்டோட பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். கோதுமை, தேங்காய், ஆளிவிதை மூணும் அவனுக்குச் சரியான்னு கேட்டேன். முந்திரி, பாதாம் பக்கமே போகல. தட்டு, கரண்டி, கிண்ணம் எல்லாம் தேய்ச்சுக் கழுவினேன். ஓவன் தட்டு மேல புது பேக்கிங் தாள்.

கதவைத் திறந்ததும் பையன் தட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவங்க தலையாட்டினாங்க. ஒண்ணை எடுத்து முதல்ல மோந்து பார்த்தான். கடிச்சான். "உள்ள பஞ்சு மாதிரி இருக்கும்மா"ன்னான். அப்புறம் இன்னொண்ணை எடுத்து, கீழ் வீட்டுப் பொண்ணுக்குக் கொடுக்கணும்னு படியிறங்கி ஓடிட்டான். வழக்கமா தட்டு வர்ற பக்கம்தான் அவன் நிப்பான். அன்னைக்கு அவன் கொடுக்கிற பக்கம்.

உங்க மாடியிலயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். கேட்டுப் பாருங்க. செஞ்சு பார்த்தீங்கன்னா எப்படி வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, பரவிப் போனாலும் பரவாயில்ல, என்ன மாத்தினீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். முன்கூட்டியே கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!