குழந்தையின் இளைப்பும் ஸ்டீராய்டு மருந்தும்

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நுரையீரலில் உள்ள மிகச் சிறிய மூச்சுக்குழல்கள் வைரஸ் தொற்றால் வீங்கிச் சளியால் அடைபடும் நோய் பிராங்கியோலைட்டிஸ் எனப்படுகிறது. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸால் வரும் இந்நோய் சாதாரணச் சளியாகத் தொடங்கி, 3 முதல் 5 நாட்களில் உச்சமடைந்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 வாரங்களுக்குள் தானாகவே தணிகிறது. இதில் எழும் இளைப்பு ஆஸ்துமாவின் இளைப்பைப் போலவே கேட்பதால், ஆஸ்துமாவுக்குப் பயன்படும் ஸ்டீராய்டு, அதாவது அழற்சியைத் தணிக்கும் ஹார்மோன் வகை மருந்து, இதற்கும் பலன் தரும் என்ற எண்ணம் பரவியுள்ளது.

ஆய்வுகள் அந்த எண்ணத்துக்கு ஆதரவாக இல்லை. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 600 குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் மற்றவர்களுக்கு மருந்தற்ற போலிக் கரைசலும் தரப்பட்டபோது, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தவர்கள் முறையே 39.7, 41 விழுக்காடாக ஏறக்குறைய சமமாகவே இருந்தனர். 2013இல் 17 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கையும் இதையே உறுதிசெய்தது; அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்நோய்க்கு ஸ்டீராய்டு தரக்கூடாது என்கிறது. ஆஸ்துமாவில் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுவதும் ஸ்டீராய்டுக்கு அடங்கும் வகை அழற்சியும் முதன்மையானவை. இந்நோயிலோ உதிர்ந்த உயிரணுக்களும் சளியுமே குழலை அடைக்கின்றன என்பது இவ்வேறுபாட்டுக்கான விளக்கம்.

ஒரு வேளை மருந்தால் பெருங்கேடு நேர்வது அரிது எனினும், ஒவ்வொரு சளிக்கும் அதைத் திரும்பத் திரும்பத் தந்தால் வளர்ச்சி குன்றுதல், நோய் எதிர்ப்பாற்றல் குறைதல், அட்ரீனல் சுரப்பி தளர்தல் ஆகியவை நேரலாம். ஆஸ்துமா, தொண்டை வீக்கத்தால் வரும் குரூப் போன்றவற்றுக்கு ஸ்டீராய்டு உண்மையில் உதவுவதால், அத்தகைய நோய்க்காக மருத்துவர் தொடர்ந்து தரும் மருந்தைப் பெற்றோர் தாமாக நிறுத்தக்கூடாது.

இந்நோய்க்கு உரிய சிகிச்சை, தேவைப்படும்போது ஆக்சிஜன் தருவதும், தாய்ப்பாலையோ பிற நீராகாரத்தையோ சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்டுவதும், மூக்கடைப்பை நீக்குவதுமே. குழந்தை வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காவிட்டாலும், 12 மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும், மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலும், முனகினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், மூச்சு சில நொடிகள் நின்றாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்தியாவில் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

மருந்தின் பெயர், அதைத் தரும் காரணம், தராவிட்டால் என்ன ஆகும் ஆகியவற்றைக் கேட்டறியப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஸ்டீராய்டு சிரப்பை மருந்துச் சீட்டின்றி மருந்துக்கடையில் வாங்குவதும், பழைய சீட்டைக் காட்டி மீண்டும் வாங்குவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. பக்கவிளைவு ஏற்பட்டால் இந்திய மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கட்டணம் பெறும் மருத்துவமனையின் கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்திருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆனால் பிராங்கியோலைட்டிசுக்கு ஸ்டீராய்டு எழுதாமல், குழந்தையின் மூச்சையும் பாலூட்டலையும் கண்காணிக்கச் சொல்லி அனுப்பும் மருத்துவர் கடமை தவறியவராகமாட்டார். சான்றுகள் காட்டும் வழியிலேயே அவர் நடக்கிறார்.