கையெழுத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள்

ஐ.நா. சபைத் தீர்மானத்தால் கூலிக்காரன் வீட்டு அடுப்பு எரியுமா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ராஜஸ்தானில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

பட்டேரி என்றொரு கிராமம். பன்வாரி தேவி அவ்வூர்க் குயவர் குலப் பெண். சர்க்காரின் பெண்கள் வளர்ச்சித் திட்டத்தில் சொற்ப ஊதியத்துக்கு உழைத்தவர். 1992இல், ஆதிக்க சாதி வீடொன்றில் கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் போனார். சர்க்கார் கொடுத்த வேலையே அதுதான்! அதற்குப் பழிவாங்க, கணவர் கண்ணெதிரே ஐந்து பேர் தம்மைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள் என்று புகார் கொடுத்தார். 1995இல் கீழ்க்கோர்ட் அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உயர்சாதிக்காரன் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொடுவானா என்பதும் அங்கே ஒரு நியாயமாக எடுபட்டது. தீண்டாமைக்கு இப்படியும் ஓர் உபயோகம் கண்டார்கள்!

அந்தத் தீர்ப்பு வரும்வரை பெண்கள் காத்திருக்கவில்லை. விசாகா முதலிய அமைப்புகள் 1992லேயே சுப்ரீம் கோர்ட் படியேறின. வேலைக்குப் போன இடத்தில் பெண்ணின் மானத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டன. அதற்கென்று நாட்டில் சட்டம் இல்லை. ஆனால், ஒரு கையெழுத்து இருந்தது! பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் ஒழிக்க 1979இல் ஐ.நா. சபை நிறைவேற்றிய உடன்படிக்கையை, இந்திய சர்க்கார் 1993இல் ஏற்று உறுதி செய்திருந்தது. உலக சபையில் போட்ட கையெழுத்து உள்ளூரில் செல்லாதா? செல்லும் என்றது சுப்ரீம் கோர்ட், 1997 ஆகஸ்டு 13இல். சட்டம் இல்லாத இடத்தில், அரசியல் சட்டம் தரும் சமத்துவத்துக்கும் உயிர்வாழும் உரிமைக்கும் பொருள் காண அந்த உடன்படிக்கையைத் துணைக்கு அழைக்கலாம் என்று கூறி, வேலைத்தலங்களுக்கு விதிகளும் வகுத்தது. அவை பார்லிமெண்டில் சட்டமாக மேலும் 16 ஆண்டு பிடித்தது. 2013!

பன்வாரி தேவிக்கு? மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் அதற்குள் செத்தே போனார்கள்.

இதில் நமக்கென்ன என்று தொழிற்சங்கத் தோழர் கேட்கலாம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் கமிட்டி வேண்டும். தலைமை ஒரு பெண்ணுக்கு. உறுப்பினரில் பாதியாவது பெண்கள். பத்துக்குக் குறைந்த இடங்களுக்கும், வீட்டு வேலை செய்யும் தாய்மாருக்கும் ஜில்லாக் கமிட்டி. போனஸுக்கு கேட் மீட்டிங் போடும் நாம் இதற்கு எத்தனை மீட்டிங் போட்டோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

கமிட்டி அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டவேண்டும் என்பதும் சட்டம். நாளை ஷிப்டுக்குப் போகையில் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். காணோமென்றால் மானேஜரிடம் கேளுங்கள். கமிட்டி அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.