தோமான் பிடிக்கப் போனோம்

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிந்த மறுவாரம், மாமா தாத்தாவையும் என்னையும் தெமெங்கோர் ஏரிக்கு மீன் பிடிக்க அழைத்துப் போனார். ஈப்போவிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். கோலகங்சார், லெங்கோங், கிரிக் எல்லாம் தாண்டி பண்டிங் தீவுப் படகுத்துறையை அடைந்தபோது நீரின்மேல் பனி விலகவில்லை.

தாத்தாவுக்கு 72 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வாழ்ந்தவர். பால் நிறுத்துவிட்டு வந்ததும் மூங்கில் கோலும் மண்புழுவும் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போவாராம். கிடைத்த விரால் அன்றிரவுக் குழம்பு. பிள்ளை பெற்றவர்கள் லயத்தில் இருந்தால் பெரிய விரால் அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன்பின் தோட்டமே வீடமைப்புப் பகுதியானது. தாத்தா தூண்டில் தொட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

எனக்கு வேறு ஆசை. பெரிய தோமான் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். தோழிகளிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன்.

எங்கள் வழிகாட்டி ஐம்பதைத் தாண்டிய மலாய்க்காரர். ‘பாக்சிக்’ என்றே அழைத்தோம். முதலில் உயிர்காப்பு அங்கியை அணியச் சொன்னார். அதன் பிறகுதான் படகின் இயந்திரம் ஓடியது.

தெமெங்கோர் இயற்கையான ஏரி அல்ல. 1970களில் பேராக் ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டியபோது காடு மூழ்கி உருவான நீர்த்தேக்கம். பரப்பளவு சுமார் 15,200 ஹெக்டர். தீபகற்ப மலேசியாவில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். அணையின் மின் நிலையம் 348 மெகாவாட் மின்சாரம் தருகிறது. மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன. அவற்றின் அடியில்தான் செபாராவும் தோமானும் பதுங்குகின்றன.

இரண்டு மணி நேரம் ரப்பர் தவளையை வீசி வீசி இழுத்தோம். ஒன்றும் கடிக்கவில்லை. தாத்தா சிரித்தார். “மண்புழு போட்டிருந்தா இந்நேரம் குழம்பு கொதிச்சிருக்கும்.”

அப்போது பாக்சிக் கையை உயர்த்தினார். சற்றுத் தொலைவில், பெரிய தாம்பாளம் அளவு நீர் கொப்பளித்தது. செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து, ஒன்றாகவே மறைந்தன.

விரால் இனத்து மீன்களுக்குச் செவுள் மட்டும் போதாது. தலையில் உள்ள தனி உறுப்பினால் அவை காற்றையும் சுவாசிக்கின்றன. தோமானும் அந்த இனம்தான். அதனால் குஞ்சுகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். அவற்றுக்குக் கீழே பெற்றோர் மீன்கள் காவல் இருக்கும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே எதை இழுத்தாலும் அவை பாய்ந்து கடிக்கும். அது பசியால் வரும் கடி அல்ல, பிள்ளைகளைக் காக்கும் கடி.

இதை விளக்கிய பாக்சிக், “நான் இங்கே தூண்டில் போடுவதில்லை. பெற்றோரைக் கொண்டுபோனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். பணம் கொடுத்திருப்பது நீங்கள். முடிவு உங்களுடையது” என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தோழிகளை நினைத்தேன். வீசிவிட்டேன்.

மூன்றாவது இழுப்பில் நீர் வெடித்தது. கோல் வளைந்து, நரம்பு ரீலிலிருந்து சீறி ஓடியது. பத்து நிமிடத்தில் கை மரத்துவிட்டது. படகோரம் வந்த தோமான் 4.2 கிலோ. மாமா படம் எடுத்தார். நான் சிரித்தேன்.

“குழம்புக்கு ஆச்சு” என்றார் தாத்தா.

“விட்டுடலாம் தாத்தா” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. “புடிச்ச மீனை விடுறதுக்கு எதுக்கும்மா புடிக்கிற? பசிக்குப் புடிச்சோம், அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. முள்ளைக் குத்தி இழுத்து, படம் எடுத்து, திரும்ப விடுறது என்ன நியாயம்?”

என்னிடம் பதில் இல்லை. நியாயமாகப் பார்த்தால் வீசாமல் இருந்திருக்க வேண்டும். பாக்சிக் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றினார். மீனை நீருக்குள் பிடித்திருந்தார். அது வாலை ஒருமுறை அடித்துவிட்டு ஆழத்துக்குள் போனது. யாரும் பேசவில்லை.

வீடு திரும்பியதும் இந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பெருவாய் பாஸ் மீனுக்கு வழிகாட்டிகளும் போட்டிகளும் ஏராளம். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அந்தச் சாதனையைச் சமன் செய்தார். ஆனால் அந்த மீன் ஜப்பானுக்குச் சொந்தமானதல்ல. 1925-இல் கொண்டுவந்து விடப்பட்டது. உள்ளூர் மீன்களை அது அழித்ததால் இன்று அங்கே சட்டப்படி ஆக்கிரமிப்பு இனம். எதிர்ப்பக்கமும் உண்டு. 2002-இல் மேரிலாந்தில் ஒரு குட்டையில் ஆசிய விரால் இனம் ஒன்று பெருகியதைக் கண்டு, அமெரிக்கா விரால் இனங்களின் இறக்குமதிக்கே தடை போட்டது.

நம் கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் தென்னமெரிக்காவின் பீக்கோக் பாஸ் பெருகியிருக்கிறது. அதைப் பிடித்துத் திரும்ப விடுவது இரக்கம் போலத் தெரியலாம். அங்குள்ள சிறு மீன்களுக்கு அது இரக்கமல்ல. ஆகவே ‘பிடி, விடு’ என்பது எல்லா நீருக்கும் பொருந்தும் விதியல்ல. எந்த மீன், எந்த நீர், எந்தப் பருவம் என்று முதலில் கேட்க வேண்டும்.

அன்று பிற்பகல் வேறொரு விரிகுடாவில் தாத்தாவின் தூண்டிலில் ஒரு செபாராவ் மாட்டியது. ஒன்றே ஒன்று. அதைப் பாக்சிக் மறுக்கவில்லை. கரையில் மஞ்சளும் உப்பும் தடவிச் சுட்டுச் சாப்பிட்டோம். முதல் துண்டைத் தாத்தா பாக்சிக்கிடம் நீட்டினார்.

திரும்பும் வழியில் காலையில் நின்ற இடத்தில் படகை நிறுத்தச் சொன்னது தாத்தாதான். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெகு நேரத்துக்குப் பின் நீர் கொப்பளித்தது. குஞ்சுகள் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறைந்தன. கீழே காவல் இருந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்தைத் தோழிகளுக்கு அனுப்பினேன். அதோடு இந்தக் கதையையும் சேர்த்தே அனுப்பினேன்.