நீரிழிவு தானே இறங்கினால் மகிழலாமா?

நீரிழிவுக்குப் பல்லாண்டுகளாக மாத்திரை உண்டு வரும் ஒருவருக்கு, உணவிலும் உழைப்பிலும் யாதொரு மாறுதலும் இன்றி, இரத்தத்தில் சர்க்கரை அளவு தானாகவே குறையத் தொடங்குவதுண்டு. தாடிக்கொம்பைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இதனை நற்செய்தியாகக் கருதாதார் மிகச் சிலரே. அண்மையில் அருந்திய கஷாயத்துக்குப் பெருமை சேர்ப்போர் உண்டு. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் தன்வந்திரி சந்நிதியில் நன்றி செலுத்துவோரும் உண்டு. வழிபாட்டைக் குறித்து நாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் சர்க்கரை இவ்வாறு காரணமின்றி இறங்குவது, நோய் நீங்கியதற்கு அன்றி, சிறுநீரகம் தளர்ந்ததற்கு அறிகுறியாக இருக்கக்கூடும். அஃது எவ்வாறு என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

நமது ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடித்து, பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தந்து, ஒன்றரை லிட்டர் அளவைக் கழிவாக வெளியேற்றுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது இவ்வடிகட்டிகள் தம் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கின்றன. வாய்க்காலில் கொள்ளளவுக்கு மேல் நீரை விட்டால் முதலில் வேகமாகப் பாய்வதும் பின்னர்க் கரை அரிபடுவதும் விவசாயிகள் கண்டதே. இங்கும் அதுவே நிகழ்கிறது. உடலுக்கு வேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. அப்பொழுது வலியில்லை, வீக்கமில்லை. கால் வீங்கி, முகம் அதைத்து, சோறு கசந்த பிறகு மருத்துவரை நாடினால், சிறுநீரகத்தின் வலிமையில் பெரும்பகுதி போயிருக்கும்.

சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் கதை இது. கெட்ட சிறுநீரகம் சர்க்கரை நோயின் போக்கையே மாற்றிவிடுவதைப் பலர் அறியார். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினில் ஒரு கணிசமான பகுதியைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகமே. அது தளர்ந்தால் இன்சுலின் நெடுநேரம் இரத்தத்தில் தங்கிவிடுகிறது. பட்டினி வேளையில் உடலுக்குச் சிறிது சர்க்கரையை உண்டாக்கித் தரும் வேலையையும் சிறுநீரகம் செய்கிறது, அதுவும் குன்றுகிறது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் எச்சமும் வெளியேறாமல் தேங்குகிறது. நேற்றுவரை போதாமலிருந்த மாத்திரை இன்று மிஞ்சிவிடுவது இதனால்தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையும், சிறுநீரக நோயாளிக்கு வரும் சோகையினால், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுவதுண்டு.

இத்தகையோருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஆகியன தோன்றும். வயலில் விழுந்தவரை வெயில் மயக்கம் என்று நிழலில் கிடத்திவிடுவதும், வீதியில் தள்ளாடுபவரைக் குடித்தவர் என்று ஏளனம் செய்வதும் நேரக்கூடியவை. நினைவு இருப்பின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுத்தல் வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. 108 வண்டியை அழைத்தல் வேண்டும். தெளிந்து எழுந்தவரையும் வீட்டில் படுக்க வைத்துவிடுதல் தவறு. தேங்கிய மருந்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் சர்க்கரையைத் தாழ்த்தும். அது பெரும்பாலும் நள்ளிரவாக இருப்பின் எவரும் அறியார்.

மற்றொரு குழப்பம் ஆகாரத்தில் வருகிறது. மயக்கம் கண்டவருக்கு நம்மவர் முதலில் நீட்டுவது இளநீர், அடுத்தது வாழைப்பழம். இரண்டிலும் பொட்டாசியம் என்னும் உப்பு மிகுதி. சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு அவ்வுப்பு இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடும் அபாயம் உண்டு. சிறுமலை வாழைப்பழத்தின் மீது நமக்கும் பிரியம்தான். எனினும் அவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவே அளவு. இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகளோ அளவு பார்க்க வேண்டியவை அல்ல, அறவே விலக்க வேண்டியவை. மெட்ஃபார்மின் மாத்திரையையும் சிறுநீரக நிலைக்கேற்ப மருத்துவர் குறைப்பார் அல்லது நிறுத்துவார். ஆகவே, பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் அதே மாத்திரையை வாங்குதல் ஆகாது. மாத்திரைகளைத் தாமே நிறுத்துவதும் அதே அளவு தீது.

இவற்றைச் சிற்றூர் அளவிலேயே கண்டறிய இயலுமா என்னும் ஐயத்துக்குத் தமிழகமே விடை தந்துள்ளது. சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி அவர்களின் முயற்சியால் சென்னையின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகேயுள்ள சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே பணியாற்றியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சிறுநீரைச் சோதித்து, இரத்த அழுத்தம் பார்த்தனர்; நோய் கண்டவர்களுக்கு விலை மலிந்த மருந்துகளே வழங்கப்பட்டன. பெருஞ்செலவின்றியே பலருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறது. இத்தகைய எண்ணிக்கையை நகரத்து மருத்துவமனைகள் மட்டும் தாங்குதல் அரிது.

சிறுநீரகம் முற்றும் செயலிழந்தால் இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தேவை. அரசுக் காப்பீடு சிகிச்சைச் செலவை ஏற்பினும், அந்நாட்களின் கூலியையும் உடன் செல்பவர் கூலியையும் எவரும் ஈடு செய்வதில்லை. நிலத்தை அடகு வைக்கும் குடும்பங்கள் இவ்விடத்தில்தான் தோன்றுகின்றன.

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை இல்லத்துக்கே கொண்டு தரும் முறை ஏற்பட்டது. மாத்திரை வீடு வந்து சேர்வதனால் மருத்துவரைக் காணாமலே காலம் கழிப்போரும் உளர். ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் ஐந்தாண்டுகளுக்கு மேல் நீரிழிவு உள்ளவர்களைக் கேட்டறிந்து, சிறுநீரில் அல்புமின் சோதனையும் இரத்தத்தில் கிரியேட்டினின் சோதனையும் இவ்வாண்டு செய்யப்பட்டனவா என வினவலாம். செய்யாதவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புக. செல்லும்போது உண்ணும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், கஷாயப் பொடி உட்பட, ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்லச் சொல்லுக.